கிட்னி எறங்குனா வைட்டமின் டி ஏன் கொறையுது, மாத்திரை போட்டா கிட்னி ஏறுமா?

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கு, கிட்னியும் லேசா எறங்க ஆரம்பிச்சிருச்சுன்னு வெளிய சொன்னா போதும், யாராச்சும் ஒருத்தர் வந்து "வைட்டமின் டி எடுத்துப் பாருங்க, எங்க மச்சானுக்கு நல்லாக் கேட்டுச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, அப்படிச் சொல்றவங்கள்ல பாதிப் பேரு அதை விக்கிறவங்களாவும் இருப்பாங்க. இதுல கடுப்பு என்னன்னா அவங்க சொல்றது முழுப் பொய்யும் இல்ல. இனிப்பு நீரால கிட்னி கெட்டவங்களுக்கு வைட்டமின் டி கொறைவா இருக்கிறது உண்மை, ரொம்ப சகஜமும் கூட. கொறைஞ்சதை ஏத்திட்டா கிட்னி தப்பிச்சிடும்ங்கிறது தான் இடிக்குது. நடுவுல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பொறுமையா பாத்துடலாம், ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு இது வீட்டுக்கு வீடு இருக்கிற விஷயம். 2019 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர்னு வந்துச்சு, இந்தியர்களை மட்டும் தனியா எடுத்தா 31.4. டயாலிசிஸ்ல புதுசா போய் உக்கார்றவங்கள்ல பாதிக்கு மேல இனிப்பு நீர்ல இருந்து வந்தவங்க தான்.

பேரு வைட்டமின்னு இருந்தாலும் இது உடம்புக்குள்ள ஹார்மோன் மாதிரி வேலை பாக்குற சாமான். வெயில் தோல்ல படும்போது அதுல இருக்கிற யூவிபி கதிர் தோல்ல உள்ள ஒரு கொழுப்புப் பொருளை வைட்டமின் டி3யா மாத்துது. மீன்ல, முட்டை மஞ்சக்கருவுல, கடை மாத்திரைல இருந்து வர்றதும் பெரும்பாலும் இதே டி3 தான். ஆனா இந்த டி3 நேரா ஒரு வேலையும் செய்யாது, தோசைக்கு அரிசி எப்படியோ அப்படி. ஈரல் அந்த அரிசியை அரைச்சு மாவாக்கி ஃபிரிட்ஜுல வைக்குது, அதுக்குப் பேரு கால்சிடயால், ரிப்போர்ட்டுல 25-ஓஎச்-டின்னு போடுவாங்க. அந்த மாவை எடுத்து, உடம்புக்கு வேணுங்கிறப்போ வேணுங்கிற அளவுக்குத் தோசையா ஊத்தித் தர்றது கிட்னி. அந்தத் தோசைக்குப் பேரு கால்சிட்ரியால், உண்மையில வேலை செய்றது அது தான். கடைசியா ஊத்துறது கிட்னி தான்னு 1970ல கேம்பிரிட்ஜுல ஃப்ரேசர், கோடிசெக்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க காட்டுனாங்க.

கிளினிக்ல ரத்தம் எடுத்து "வைட்டமின் டி கம்மி"ன்னு சொல்றாங்கல்ல, அது அளக்குறது ஃபிரிட்ஜுல இருக்கிற மாவை. தோசையை இல்ல. மாவு ரத்தத்துல ரெண்டு மூணு வாரம் தாங்கும், தோசை சில மணி நேரத்துல தீந்துடும், அதனால இருப்பு எவ்ளோன்னு தெரிஞ்சுக்க மாவைப் பாக்குறது தான் சரி. பொதுவா 50 நானோமோலுக்குக் கீழ போனா கொறைபாடுன்னு எடுத்துக்குவாங்க, 30க்குக் கீழன்னா ரொம்பக் கொறைவு. சில லேப் நானோகிராம்ல போடுவான், அப்போ 2.5ஆல பெருக்கிக்கணும், 20 நானோகிராம்னா 50 நானோமோல். இது தெரியாம ரெண்டு லேப் ரிசல்ட்டை பக்கத்துல பக்கத்துல வச்சுகிட்டு "போன வருசம் 52, இந்த வருசம் 21, பாதிக்கு மேல போயிடுச்சே"ன்னு பதறுறவங்க இருக்காங்க, ரெண்டும் ஒன்னு தான்.

சரி, இந்தக் கால்சிட்ரியால் என்ன தான் பண்ணுது? சாப்பாட்டுல இருக்கிற கால்சியத்தையும் ஃபாஸ்பேட்டையும் குடல் உறிஞ்சுறதுக்கு இது வேணும். அப்புறம் கழுத்துல தைராய்டுக்குப் பின்னாடி பாராதைராய்டுன்னு நாலு குட்டிச் சுரப்பி இருக்கு, அதுங்க சுரக்குற பிடிஎச்ங்கிற ஹார்மோனை அடக்கி வைக்கிறதும் இது தான். கால்சிட்ரியால் கொறைஞ்சா பிடிஎச் ஏறும், பிடிஎச் ஏறுனா எலும்புல இருந்து கால்சியத்தைப் பிடுங்கி ரத்தத்துல கொட்டும். ரத்தத்துல கால்சியம் பாக்குறதுக்கு நார்மலா இருக்கும், உள்ள எலும்பு கரைஞ்சுகிட்டு இருக்கும். வருசக்கணக்குல இது நடந்தா எலும்பு வலி, ஈசியா முறியறது, அங்க இருந்து வந்த கால்சியம் ஃபாஸ்பேட்டோட சேந்து ரத்தக் குழாய்ல போய்ப் படியறது, எல்லாம் வரும். கிட்னி நோயாளிங்க நிறைய பேரு டயாலிசிஸ் வரைக்கும் போறதுக்குள்ள ஹார்ட்டுல போயிடுறாங்கன்னு டாக்டருங்க சொல்றதுல இந்தக் குழாய் இறுகுறதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

இனிப்பு நீர்ல கிட்னி கெடும்போது இந்தச் சங்கிலி ஒரே நேரத்துல பல இடத்துல அறுந்து போகுது, அது தான் இதுல முக்கியமான விஷயம். மொதல்ல மாவே கொறையுது. வைட்டமின் டி ரத்தத்துல தனியா ஓடாது, அதைத் தூக்கிட்டுப் போறதுக்குன்னே ஒரு புரதம் இருக்கு. கிட்னி நல்லா இருந்தா வடிகட்டி வழியா கசியுற கொஞ்சநஞ்சத்தையும் மெகாலின்ங்கிற ஒரு புரதம் பிடிச்சு உள்ள இழுத்துடும், அப்படி இழுத்தா தான் கிட்னி செல்லுக்கே மாவு போய்ச் சேரும். இனிப்பு அதிகமா இருந்து இருந்து வடிகட்டி ஓட்டையானதும் ஆல்புமின் மூத்திரத்துல போகுதுல்ல, நுரை நுரையா வருதுன்னு சொல்வாங்களே, அந்தக் கூட்டத்தோட இந்தப் புரதமும் மேல ஒட்டிகிட்டிருக்கிற வைட்டமின் டியும் சேந்து கக்கூசுக்குப் போகுது. ரெண்டாவது, தோசை ஊத்துற நொதி. கிட்னில உயிரோட இருக்கிற பாகம் சுருங்கச் சுருங்க அதுவும் சுருங்கும். மூணாவது தான் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கும், கிட்னி லேசா தளர்ந்து ஃபாஸ்பேட்டை வெளிய தள்ள செரமப்பட ஆரம்பிச்ச உடனே எலும்பு எஃப்ஜிஎஃப்23ன்னு ஒரு ஹார்மோனை அனுப்புது, "ஃபாஸ்பேட்டை வெளிய தள்ளு, தோசை ஊத்துறதை நிப்பாட்டு"ன்னு. ரத்தத்துல ஃபாஸ்பேட் நம்பர் இன்னும் ஏறியே இருக்காது, அதுக்கு முன்னாடியே எலும்பு உஷாராயிடுது. ஆக மாவு இருந்தாலும் அடுப்பை எலும்பே அணைச்சுடுது.

இதுக்கு மேல நம்ம ஊரு கதை வேற. பினாங்கு பூமத்திய ரேகைக்கு மேல வெறும் 5 டிகிரில இருக்கு, வருசம் பூரா யூவிபி கொட்டுது, இங்க எப்படி வைட்டமின் டி கொறையும்னு கேக்கலாம். கொறையுது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை பாக்குறவங்க விடியுறதுக்குள்ள பஸ் ஏறி உள்ள போனா சாயங்காலம் தான் வெளிய வர்றாங்க, ஆபிஸ் ஆளுங்க கார்ல இருந்து ஏர்கான், ஏர்கான்ல இருந்து கார், கண்ணாடி வழியா வர்ற வெயில்ல வெளிச்சம் இருக்கும், சூடு இருக்கும், யூவிபி அனேகமா இருக்காது. நம்ம தோல் கருப்பு, அதுல இருக்கிற மெலனின் யூவிபியைத் தடுக்கும், வெள்ளைத் தோலை விட நமக்கு நேரம் கூட வேணும். உடம்பு பெருத்தவங்களுக்கு வைட்டமின் டி கொழுப்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது, இனிப்பு நீர்க்காரங்கள்ல நெறைய பேரு அந்த ரகம்.

காலைல தாமான் பார்க்குல நடக்குற அங்கிள்மாருங்க "இளவெயில்ல தான் வைட்டமின் டி"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. நடை நல்லது, கண்டிப்பா நடங்க, ஆனா அந்த நேரத்துல யூவிபி சொற்பம், சூரியன் மேல ஏறுனா தான் அது கீழ வரும். போதாக்கொறைக்கு நம்ம கடிகாரமே முன்னாடி ஓடுது. 1982 ஜனவரி 1ல தீபகற்ப மலேசியா சபா சரவாக் நேரத்துக்கு மாறுனதுல பினாங்குல உச்சி வெயில் 12 மணிக்கு இல்ல, ஒன்னே கால் மணி சுமாருக்குத் தான். அதனால நம்ம 8 மணி வெயில்ங்கிறது சூரியக் கணக்குல ஏழு மணி கூட ஆகல. உங்க நெழல் உங்க உயரத்தை விடக் குட்டையா இருக்கிறப்போ தான் தோல் உருப்படியா வைட்டமின் டி செய்யும், அதாவது 10 மணிக்கு மேல. கை கால் தெரிய பத்து இருபது நிமிசம், வாரத்துல சில நாள், போதும், அதுக்காக ஒரு மணி நேரம் போய்க் காயாதீங்க. இனிப்பு நீர் கால் மரத்துப் போனவங்க சூடான சிமெண்ட் தரைல, பீச் மணல்ல செருப்பில்லாம நடக்கவே கூடாது, கால் வெந்து கொப்புளம் வந்தது கூடத் தெரியாது.

இப்போ அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம். வைட்டமின் டி கொறைஞ்சவங்களுக்குக் கிட்னி சீக்கிரம் கெடுதுன்னு ஆளுங்களைப் பின்தொடர்ந்து பாத்த ஆய்வுகள்ல வந்துச்சு. ஆனா டி கொறைஞ்சதால கிட்னி கெட்டுச்சா, கிட்னி கெட்டதால டி கொறைஞ்சுச்சா? மேல சொன்னதைப் பாத்தா ரெண்டாவதுக்கே நெறைய காரணம் இருக்குன்னு தெரியுது. இருந்தாலும் மொதல் பக்கத்துக்கும் ஆதாரம் இல்லாம இல்ல. 2002ல சிகாகோ பல்கலைக்கழகத்துல எலியை வச்சுப் பாத்ததுல கால்சிட்ரியால் ரெனின்ங்கிற பொருளை அடக்குதுன்னு தெரிஞ்சுச்சு. கிட்னி வடிகட்டிக்குள்ள பிரஷர் ஏறுறதுக்குக் காரணமான வரிசைல ரெனின் தான் மொத ஆளு, நாம சாப்பிடுற லோசார்ட்டான், பெரின்டோபிரில் மாதிரி பிரஷர் மாத்திரை எல்லாம் அதே வரிசையைத் தான் அடைக்குது. அதனால எல்லாருக்கும் ஆசை வந்துச்சு.

2010ல பாரிகால்சிட்டால்ங்கிற, கால்சிட்ரியாலைப் போல செஞ்ச ஒரு மருந்தை இனிப்பு நீர்க் கிட்னி நோய் உள்ள 281 பேருக்கு 24 வாரம் குடுத்துப் பாத்தாங்க. 2 மைக்ரோகிராம் எடுத்தவங்களுக்கு மூத்திரத்துல போற புரதம் 20 சதவீதம் கிட்ட கொறைஞ்சுச்சு, ஆனா தற்செயல் இல்லன்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு மயிரிழைல எட்டல. புரதம் கொறையுறது நல்ல அறிகுறி தான், ஆனா கிட்னி உண்மையிலேயே தாங்குச்சான்னு சொல்ல 24 வாரம் பத்தாது. அப்புறம் 2019ல அமெரிக்காவுல பெரிய சோதனை ஒன்னோட ரிசல்ட் வந்துச்சு. இனிப்பு நீர் உள்ள 1,312 பேரு, ஒரு நாளைக்கு 2,000 ஐயூ (யூனிட்) வைட்டமின் டி3, 5 வருசம். இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்ளோ வடிகட்டுதுன்னு காட்டுற நம்பர், டி எடுத்தவங்களுக்கு 12.3 எறங்குச்சு, வெத்து மாத்திரை எடுத்தவங்களுக்கு 13.1. வித்தியாசம் இல்லன்னு தான் அர்த்தம். (ரெண்டு சோதனைக்கும் பேரு வைட்டல் தான், அதனால ஒன்னோட ரிசல்ட்டை இன்னொன்னுன்னு போட்டு விக்கிறவங்களும் உண்டு, கவனம்.) நியாயமா ஒன்னு சொல்லணும், 2019 சோதனைல இருந்தவங்கள்ல பலருக்கு ஆரம்பத்துலேயே வைட்டமின் டி பெருசா கொறையல, கிட்னியும் ஓரளவு நல்லாவே இருந்துச்சு. ரொம்பக் கொறைஞ்சவங்களை மட்டும் வச்சுப் பாத்தா வேற மாதிரி வருமோன்னு கேக்க எடம் இருக்கு. ஆனா கேக்க எடம் இருக்குங்கிறதுக்காக ஒரு பாட்டிலுக்கு நூறு இருநூறு வெள்ளி குடுக்கணும்னு இல்ல.

அப்போ கொறைஞ்சா சும்மா விட்டுடலாமா? கூடாது. எலும்புக்கும் தசைக்கும் அது வேணும், பிடிஎச் ஏறாம இருக்கவும் மாவு இருப்பு வேணும். மத்தவங்களுக்கு எப்படிச் சரி பண்ணுவாங்களோ அதே மாதிரி கிட்னி நோயாளிக்கும் சாதா டி3 குடுத்துச் சரி பண்ணலாம்னு தான் 2017ல வந்த கேடிஐஜிஓங்கிற சர்வதேச கிட்னி நோய் வழிகாட்டி சொல்லுது. கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி), சார்டின் மாதிரி கொழுப்புள்ள மீன்ல டி இருக்கு, குழம்பு வச்சே சாப்பிடலாம், டின் சார்டின்ல உப்பு அதிகம்ங்கிறதை மட்டும் மறந்துடக் கூடாது. கருவாட்டுல டி இருக்கான்னு ஒரு பெரியம்மா கேட்டாங்க, இருந்தா என்ன பெரியம்மா, அந்த உப்புக்கு பிரஷர் எகிறிடும்.

குழப்பம் வர்ற இடம் கால்சிட்ரியால் கேப்சூல். ஸ்பெஷலிஸ்ட் சில பேருக்கு 0.25 மைக்ரோகிராம்னு எழுதிக் குடுப்பாங்க. அதைப் பாத்துட்டு "கால் மைக்ரோகிராம் தானே, ஃபார்மசில 1,000 ஐயூ கிடைக்குது, அதுல 25 மைக்ரோகிராம் இருக்கு, நூறு மடங்கு, அதையே வாங்கிக்கலாம்"னு கணக்குப் போடுறவங்க உண்டு. ஒன்னு அரிசி, இன்னொன்னு சுட்ட தோசை, ரெண்டையும் எடை போட்டு ஒப்பிடக் கூடாது. சுட்ட தோசை கிட்னி கிட்ட கேக்காம நேரா வேலை செய்யும், அதனால கால்சியம் சட்டுன்னு ஏறிடும். டயாலிசிஸுக்குப் போகாத கிட்னி நோயாளிங்க எல்லாருக்கும் வழக்கமா இதைக் குடுக்க வேணாம், நாலாவது அஞ்சாவது கட்டத்துல பிடிஎச் ரொம்ப ஏறி ஏறிகிட்டே போனா மட்டும் யோசிக்கலாம்னு தான் அதே வழிகாட்டி சொல்லுது. அல்ஃபாகால்சிடால்னு இன்னொன்னு இருக்கு, அது கிட்னி வேலையை முன்கூட்டியே முடிச்சு, ஈரல் வேலையை மட்டும் பாக்கி வச்ச மருந்து, அதையும் இதே ஜாக்கிரதையோட தான் எடுக்கணும். அடுத்த வீட்டுக்காரருக்கு எழுதுனதை வாங்கிப் போடாதீங்க.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்து வாசிச்சுப் பாப்போம். உதாரணத்துக்கு ஆயர் ஈத்தாம்ல இருக்கிற அறுபது வயசு ஆண்டி ஒருத்தர்னு வச்சுக்குங்க. மூணு மாச சராசரி இனிப்பைக் காட்டுற எச்பிஏ1சி 8.6, இஜிஎஃப்ஆர் 41, மூத்திரத்துல ஆல்புமின் கணக்கு யூஏசிஆர் 48, கால்சியம் 2.32, 25-ஓஎச்-டி 34 நானோமோல். வீட்ல எல்லாரும் அந்த 34ஐத் தான் பிடிச்சுகிட்டு தொங்குவாங்க, ஏன்னா இந்தத் தாள்லேயே கடைக்குப் போய் நாமளே வாங்கிச் சரி பண்ணக்கூடிய ஒரே லைன் அது. ஆனா டாக்டர் கண்ணு போக வேண்டியது 48லயும் 41லயும். யூஏசிஆர் (இங்க மில்லிமோலுக்கு மில்லிகிராம் கணக்கு) 3க்குக் கீழ இருக்கணும், 30ஐத் தாண்டிடுச்சுன்னா கசிவு கடுமை. இஜிஎஃப்ஆர் 30ல இருந்து 44 வரைக்கும் மூணாம் கட்டத்துல பின்பாதி. அந்த 34ங்கிறது இந்த ரெண்டுல இருந்து வந்த விளைவாவும் இருக்கலாம், ஆண்டி வெளியவே போகாததாலயும் இருக்கலாம், அதை டி3 போட்டு ஏத்திக்கலாம், ஏத்துனதுக்கு அப்புறமும் 48 அதே 48ஆ தான் நிக்கும், அதுக்கு வேற வேலை பாக்கணும்.

அந்த வேற வேலை என்னன்னு கேட்டா, அது நல்லாவே தெரிஞ்ச விஷயம். லோசார்ட்டான் இனிப்பு நீர்க் கிட்னி நோய்ல முழுசா செயலிழக்குற அபாயத்தை 28 சதவீதம் கொறைச்சதுன்னு 2001லயே 1,513 பேர்கிட்ட காட்டிட்டாங்க. எம்பாகிளிஃப்ளோசின்ங்கிற இனிப்பு நீர் மாத்திரையை வச்சு 6,609 கிட்னி நோயாளிங்க கிட்ட நடந்த சோதனைல மலேசியாவும் ஒரு நாடா கலந்துகிச்சு, கிட்னி நோய் முத்துறது இல்ல ஹார்ட் நோய்ல இறக்குறது, ரெண்டும் சேந்து 28 சதவீதம் கொறைஞ்சது, எல்லாருக்கும் இனிப்பு நீர் இருந்துச்சுன்னு இல்ல. டாபாகிளிஃப்ளோசினுக்கும் இதே மாதிரி ஆதாரம் உண்டு, அப்புறம் ஃபினரெனோன், 2024ல செமாகுளுடைடும் இந்த வரிசைல சேந்துடுச்சு. பிரஷர் 130க்கு 80 கிட்ட, இனிப்பு கட்டுக்குள்ள, உப்பு கம்மியா, சிகரெட் நிப்பாட்டணும். எல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது, பொட்டாசியம் ஏறும், சிலருக்கு மூத்திரப் பாதைல இன்ஃபெக்ஷன் வரும், அதனால கிளினிக் கெசிஹாத்தான்லயோ (அரசாங்க கிளினிக்) ஜிஎச்லயோ (அரசாங்க பெரிய ஆஸ்பத்திரி) அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட்ல "எனக்கு யூஏசிஆர் எவ்ளோ, இந்த மருந்துங்கள்ல எது எனக்கு ஆகும்"னு வாயைத் தொறந்து கேளுங்க. வைட்டமின் டியை அதுக்கப்புறம் கேக்கலாம், கேக்கும்போது கால்சியம், ஃபாஸ்பேட், பிடிஎச் மூணையும் சேத்துக் கேளுங்க, ஏன்னா டி நம்பரை மட்டும் தனியா வச்சு ஒன்னும் முடிவு பண்ண முடியாது.

எலும்பு வலி, முட்டி வலின்னு டி மாத்திரையோட சேத்து ஃபார்மசில டைக்லோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட் வாங்கிப் போடுறது நம்ம வீடுகள்ல சர்வ சாதாரணம். டியால கிட்னிக்கு நல்லது நடந்துச்சோ இல்லையோ, அந்த வலி மாத்திரையால கெட்டது நடக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு. சின்னச் சின்ன பொட்டலத்துல வர்ற, பேரு தெரியாத மூட்டு வலிப் பொடியையும் தொடாதீங்க. மலேசியாவுல பதிவான மருந்து, சப்ளிமெண்ட் எதுன்னாலும் டப்பாவுல எம்ஏஎல்னு ஆரம்பிக்கிற நம்பரும் மினுமினுக்குற ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும், அது இல்லன்னா வாங்காதீங்க.

வைட்டமின் டி கூடிப் போனா என்ன ஆகும்ங்கிறது இனிப்பு நீர்க்காரங்களுக்குத் தனியா தெரிஞ்சிருக்கணும். தண்ணில கரையாத வைட்டமின், மிச்சம் மூத்திரத்துல போயிடாது, கொழுப்புல தங்கும். மாசக்கணக்குல அளவுக்கு மீறி எடுத்தா ரத்தத்துல கால்சியம் ஏறும், தாகம் எடுக்கும், அடிக்கடி மூத்திரம் வரும், அசதி, வாந்தி வர்ற மாதிரி இருக்கும், மலச்சிக்கல். தாகம், மூத்திரம், அசதி, இந்த மூணையும் பாருங்க, இனிப்பு ஏறுனா வர்ற அதே அறிகுறி. வீட்ல உள்ளவங்க "இனிப்பு ஏறிருச்சு போல"ன்னு சோத்தைக் கொறைப்பாங்க, உள்ள கால்சியம் கிட்னியைப் போட்டு அடிச்சுகிட்டு இருக்கும். டி மாத்திரையோட கால்சியம் மாத்திரையும் சேத்து எடுக்கிறவங்களுக்கும், ஹைட்ரோகுளோரோதயசைட் மாதிரி பிரஷர் மருந்து சாப்பிடுறவங்களுக்கும் இது இன்னும் சீக்கிரம் வரும். அதனால குளுக்கோமீட்டர்ல குத்திப் பாத்து இனிப்பு நார்மலா இருந்தும் தாகம் அடங்கலன்னா, மாத்திரையை நிப்பாட்டிட்டு அன்னைக்கே கிளினிக் போய் கால்சியம் பாக்கச் சொல்லுங்க. போகும்போது வீட்ல இருக்கிற எல்லா டப்பாவையும் ஒரு பிளாஸ்டிக் பைல போட்டு எடுத்துட்டுப் போங்க, பால் மாவு, மல்டிவைட்டமின், மகன் சிங்கப்பூர்ல இருந்து வாங்கியாந்த மீன் எண்ணெய் உட்பட, ஏன்னா அதுல பலதுல டி கலந்திருக்கும், தனித்தனியா பாத்தா கொஞ்சம் தான், எல்லாத்தையும் கூட்டிப் பாக்குறதுக்கு அங்க ஃபார்மசிஸ்ட் இருக்காங்க.